கன்னத்துக்கு ஒரு டாக்டர்

பதினோரு வருஷம் கடையின் முன்பக்கம் உட்கார்ந்தவளைப் பின்னறைக்கு அனுப்ப முதலாளிக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அது மூக்குக்கண்ணாடிக் கடை. வருகிறவர்களை உட்காரவைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோல் பிடித்துப் பார்ப்பதும், பிரேமை மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்றால் கம்பியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பதும் அவள் வேலை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரம்மா. ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும், எந்தக் காது எந்தக் காதைவிட மேலே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் சொல்லமாட்டாள். ஜனங்கள் மனசு கஷ்டப்படும் என்று தானே கம்பியைச் சரிக்கட்டி அனுப்பிவிடுவாள்.

அவள் முகத்தில் மங்கு விழுந்தது முப்பத்தொன்பதாவது வயதில். முதலில் இடது கன்னத்தில் தேநீர் சிந்திக் காய்ந்தது போல ஒரு திட்டு. பிறகு வலது கன்னத்தில் அதற்கு ஒரு ஜோடி. இரண்டும் மூக்குத்தண்டின் மேல் ஏறிக் கைகோத்துக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. வலி இல்லை, அரிப்பு இல்லை. அவளுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தொந்தரவெல்லாம் எதிரே உட்கார்ந்தவர்களுக்குத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா," என்றார் முதலாளி. "பிரேம் பாக்க வர்றவங்க பிரேமைத்தான் பாக்கணும். இப்ப உங்க முகத்தப் பாக்கறாங்க. பாத்துட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு கறுப்புக் கண்ணாடியா எடுத்துக் காட்டச் சொல்றாங்க."

"வேலையில ஏதாவது குறை இருக்கா சார்?"

"வேலைய யாரு பாக்கறா? முகம் தெளிஞ்சதும் வாங்க. ஸ்டூல் உங்களுக்குத்தான்."

பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அது தண்ணீரைத் தெளித்துக்கொண்டே கிறீச்சிட்டது. முன்பக்கத்து ஸ்டூலில் முதலாளியின் மச்சினி வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அளவுகோலைத் தலைகீழாகப் பிடிக்கத்தான் தெரிந்தது. ஆனால் முகம் கழுவித் துடைத்த பீங்கான் தட்டு மாதிரி இருந்தது. அவள் அளந்த கண்ணாடிகளைப் போட்டுக்கொண்டு போனவர்கள் படியில் தடுக்கி விழுந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருவர்கூட முகத்தைக் குறை சொல்லவில்லை.

ஒளிமையத்தைப் பற்றிச் சொன்னது நாத்தனார். அந்தக் கட்டடத்துக்கு அடுத்த அலுவலகத்தில் அவளுக்கு டைப்பிஸ்ட் வேலை.

"அண்ணி, தோல் ஒளி ஒப்பாய்வு மையம்னு இருக்கு. அங்க ஒரு வெளிச்சம் காட்டிக்கறதுக்கே ஜனங்க வரிசைல நிக்கறாங்க. ஒப்பீட்டுத் திட்டத்துல சேந்தா ரெண்டு வெளிச்சமும் சும்மாவே காட்டறாங்களாம். எது நல்லதுன்னு நாமளே பாத்துக்கலாம்."

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் சோற்றிலிருந்து தலை நிமிர்ந்தான். "சும்மா ஏன் காட்டறாங்க?"

"சேவைண்ணா," என்றாள் நாத்தனார்.

கணவன் மறுபடி சோற்றுக்குக் குனிந்தான். ஒரு நாளைக்கு நாற்பது தடவை மேலும் கீழும் போய் வருகிற மனிதன். வீட்டுக்கு வந்தால் எந்தப் பக்கமும் நகர்வது அவனுக்குப் பிடிக்காது.

மையம் ஐந்து மாடி. தரை, சுவர், நாற்காலி, அங்கே வேலை செய்கிறவர்களின் பற்கள் எல்லாம் ஒரே வெள்ளை. ஆலோசகர் என்று சட்டையில் அட்டை குத்திய பெண் அவளை உட்காரவைத்து விளக்கினாள். முதல் மாடியில் லேசர்: ஒரே நிறத்து வெளிச்சம், ஒரே கோடாகப் போய் ஆழத்தில் இறங்கும். இரண்டாம் மாடியில் பல்ஸ் லைட்: பல நிறம் கலந்த வெளிச்சம், பளிச்சென்று அகலமாக விழும்.

"எது நல்லதும்மா?" என்று கேட்டாள் கண்ணாடிக்காரம்மா.

"அதத்தான் பன்னெண்டு வருஷமா ஒப்பிட்டுட்டிருக்கோம்."

"இன்னும் தெரியலியா?"

ஆலோசகர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தெரிஞ்சிட்டா அப்புறம் மையம் எதுக்கும்மா?"

ஒப்புதல் படிவங்கள் இரண்டு. ஒன்றில் இடது கன்னத்தின் சார்பாகக் கையெழுத்து போட வேண்டும், இன்னொன்றில் வலது கன்னத்தின் சார்பாக. அவள் இரண்டிலும் ஒரே மாதிரிக் கையெழுத்து போட்டாள். அது தப்பு என்றாள் ஆலோசகர். இரண்டு கன்னமும் கலந்து பேசிக்கொண்டு ஒப்புதல் கொடுத்ததாகத் தணிக்கையில் கேள்வி வருமாம். வலது கன்னத்துக்கு இடது கையால் போடச் சொன்னாள். கண்ணாடிக்காரம்மா கோணல்மாணலாக ஒன்று கிறுக்கினாள். கன்னத்துக்கு ஒரு கோப்பு, கன்னத்துக்கு ஒரு டோக்கன், கன்னத்துக்கு ஒரு டாக்டர்.

எல்லைக்கோடு போட இரண்டு டாக்டர்களும் நேரில் வந்தார்கள். லேசர் டாக்டர் ஒல்லி. பேசும்போதும் எதிராளியின் தோலைத் தவிர வேறெதையும் பார்க்காதவர். பல்ஸ் டாக்டரம்மா குண்டு. எல்லோரையும் "கண்ணு" என்று கூப்பிடுபவர். இருவரும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதை நோயாளியிடம் சொன்னார்கள்.

"மூக்கு நுனி என் பக்கம்னு மேடத்துகிட்ட சொல்லுங்க," என்றார் லேசர் டாக்டர்.

"கண்ணு, மூக்குல பாதிய நான் விட்டுக்குடுக்கமாட்டேன்னு சார்கிட்ட சொல்லிடு," என்றார் டாக்டரம்மா.

இருவரும் அவளிடமிருந்து ஒரு சாண் தூரத்தில் நின்றார்கள். அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னாள். கடைசியில் லேசர் டாக்டர் ஊதா நிறப் பேனாவை எடுத்து நெற்றியின் மயிர்க்கோட்டிலிருந்து முகவாய் வரை ஒரே இழுப்பாக இழுத்தார். சுவரில் இருந்த கண்ணாடியில் அவள் பார்த்தாள்.

"ரெண்டு மில்லிமீட்டர் வலப்பக்கமா தள்ளிப் போச்சு டாக்டர்."

"கோடு சரியாத்தான் இருக்கு. உங்க மூக்குதான் தள்ளியிருக்கு."

மூக்கு வழக்கு இயக்குநரிடம் போனது. இயக்குநர் நரைத்த தலையும் நரைக்காத முகமும் கொண்டவர். வயசு ஐம்பதா எழுபதா என்று கண்ணாடிக்காரம்மாவாலேயே கணிக்க முடியவில்லை. அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, இது யாருக்கும் கிடையாது என்று தீர்ப்பு சொன்னார். ஒப்பிடுவதற்குத் தொடாத இடம் ஒன்று வேண்டும், அது மூக்கு. அதன் மேல் எந்த வெளிச்சமும் படக்கூடாது, வெயில்கூட. அதற்காக வெண்பசை ஒன்றைக் கெட்டியாகப் பூசி, மேலே துணிப்பட்டை ஒட்டிவிட்டார்கள். தினமும் புதுசாகப் பூசிக்கொள்ள ஒரு டப்பா பசையும் கொடுத்தார்கள். திட்டம் முடிகிற வரை கோட்டையும் அழிக்கக்கூடாது.

அந்த முகத்தோடு அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

"நடுவுல என்ன கோடு?" என்றான் கணவன்.

"எல்லை."

"மூக்கு?"

"அது யாருக்கும் கிடையாதாம்."

 அவன் குழம்பை நகர்த்தி வைக்கச் சொன்னான்.

வாரம் ஒரு நாள் என்று ஏழு வாரம். காலையில் ஹாலில் உட்கார்ந்தால் ஒலிபெருக்கி கூப்பிடும்: "இடது கன்னம் பதினேழு உள்ளே வரவும்." அவள் எழுந்து போனால் வாசலில் நிற்கும் ஊழியர் வலது கன்னத்தின் மேல் கறுப்புத் துணியை ஒட்டிவிடுவார். அது வேறு பிரிவின் கன்னம். லேசர் அறையை அது பார்க்கக்கூடாது. உள்ளே கண் மேல் இரும்புக் கிண்ணம் மாதிரி இரண்டு மூடிகள். பிறகு ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்துக் கன்னத்தில் விட்டது போல நூறு சுளீர். மயிர் பொசுங்குகிற வாசனை. இரண்டாம் மாடியில் துணி இடப்பக்கம் மாறும். குளிர்ந்த பசையைத் தடவி, ஒரு கண்ணாடிக் கட்டியை வைத்து அழுத்துவார்கள். மூடிய இமைக்குள்ளும் ஆரஞ்சாக ஒரு மின்னல். தொடர்ந்து ஒரு சூடு. அது மறுநாள் வரை இறங்காது.

"கீழ என்ன பண்ணினாங்க கண்ணு? வலிச்சுதா?" என்று ஆவலாகக் கேட்பார் டாக்டரம்மா.

"வலிச்சுது டாக்டர்."

"வலிக்கும். அந்தாளு பண்றது வைத்தியமில்ல, பச்சை குத்தறது. இரு, இங்க கொஞ்சம் கூட்டி வெக்கறேன். நம்ம பக்கம் முந்தணும்ல?"

கீழே போனால் லேசர் டாக்டர் கேட்பார். "மேல எத்தனை வெச்சாங்க?"

"கூட்டி வெக்கறேன்னு சொன்னாங்க டாக்டர்."

"டார்ச் லைட்ட எவ்வளவு கூட்டினா என்ன?" என்று சொல்லிக்கொண்டே அவரும் கூட்டுவார்.

மூன்றாம் வாரம் இடது கன்னத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் வரிசை வரிசையாக வந்தன. யாரோ சல்லடையை வைத்து அழுத்தி எடுத்தது போல இருந்தது. நான்காம் வாரம் வலது கன்னத்தில் நீளக் கட்டங்கள்; ஜன்னல் கம்பி நிழல் விழுந்து அப்படியே ஒட்டிக்கொண்டது போல. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவிலும், கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவிலும் பழைய மங்கு இருந்தது. பழையபடி இல்லை, தேநீர் நிறம் போய் அடுப்புக்கரி நிறத்துக்கு வந்திருந்தது.

ஆலோசகர் பெயிண்ட் கடையில் காட்டுகிற மாதிரி ஒரு நிற அட்டையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தாள். "பதினாலாம் நம்பர்ல ஆரம்பிச்சீங்க. இப்ப இருபத்தொண்ணு. நல்ல மாற்றம்."

"கறுத்துப் போச்சேம்மா."

"மாற்றம்னுதான் படிவத்துல கேட்டிருக்காங்க. எந்தப் பக்கமா மாறணும்னு கேக்கலியே."

ஆறாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மகளுடைய பிறந்தநாள். பதினாலு முடிந்து பதினைந்து. கேக்கை நடுவில் வைத்து எல்லோரும் நின்றார்கள். மகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு," என்றாள். திரும்பினாள். "இல்ல, அந்தப் பக்கம்." அந்தப் பக்கமும் திரும்பினாள். மகள் போனை இறக்கி, உதட்டைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு ரொம்ப அன்பான குரலில், "அம்மா, நீ எடேன். நீ எடுத்தாத்தான் ஆடாம வரும்," என்றாள்.

அவள் எடுத்தாள். ஆடாமல்தான் வந்தது.

மறுநாள் அவள் மையத்தின் குறைதீர்ப்பு அறைக்குப் போனாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல், "எந்தக் கன்னம் புகார் குடுக்குது?" என்றார்.

"ரெண்டும் சார்."

"கூட்டுப் புகார் வாங்கறதில்ல. தனித்தனியா எழுதுங்க."

தனித்தனியாக எழுதினாள். விதிப்படி ஒரு பிரிவின் மேல் வருகிற புகாரை இன்னொரு பிரிவுதான் விசாரிக்க வேண்டும். இடது கன்னத்தின் புகாரை டாக்டரம்மா விசாரித்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் பார்த்தார். பதினொரு பக்கம் அறிக்கை எழுதினார். இப்படி ஒரு கொடுமையை என் அனுபவத்தில் கண்டதில்லை, வலது கன்னத்தைவிட இது பல மடங்கு மோசம் என்று முடித்தார். வலது கன்னத்தின் புகாரை லேசர் டாக்டர் விசாரித்தார். அவர் பன்னிரண்டு பக்கம் எழுதினார். இடது கன்னத்தைவிட இது பல மடங்கு மோசம் என்று முடித்தார்.

இத்தனை வாரத்தில் முதல் தடவையாகத் தன் பக்கம் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணாடிக்காரம்மாவுக்குக் கண் கலங்கியது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியபோது எரிந்தது.

இரண்டு அறிக்கைகளையும் இயக்குநர் பொறுமையாகப் படித்தார்.

"இதப் பாருங்கம்மா. இடது வலதவிட மோசம்னு ஒரு நிபுணர் சொல்றாரு. வலது இடதவிட மோசம்னு இன்னொரு நிபுணர் சொல்றாரு. ரெண்டு பேரும் பெரிய படிப்பு படிச்சவங்க, ரெண்டு பேரையும் நான் நம்பறேன். அப்ப என்ன அர்த்தம்? ரெண்டும் சமம். சமம்னா வித்தியாசம் இல்ல. வித்தியாசமே இல்லாத எடத்துல பாதிப்பு எங்கேந்து வந்துச்சு?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தப்பு எங்கேயோ இருந்தது. கண்ணாடியாக இருந்தால் எந்தக் கம்பி என்று தொட்டுக் காட்டியிருப்பாள். இதில் கை வைக்க இடம் தெரியவில்லை.

"அடுத்த வாரம் மாநாடு," என்றார் இயக்குநர். "நீங்க மேடைக்கு வரணும். படிவத்துல எழுதியிருக்கு, அஞ்சாவது பக்கம். ரெண்டு கன்னமும் கையெழுத்து போட்டிருக்கு."

மாநாட்டு மண்டபத்தில் முந்நூறு பேர். டாக்டர்கள், மெஷின் விற்கிறவர்கள், மெஷின் வாங்கப் போகிறவர்கள். மேடை நடுவில் சலூனில் இருப்பது போன்ற சுழல் நாற்காலி. அதில் அவளை உட்காரவைத்துக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பின்னால் திரையில் அவள் முகம் ஒரு லாரி அளவுக்குத் தெரிந்தது. தனக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்பதை எதிரே இருந்த முகங்களைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாள். முன்வரிசையில் ஒருவர் வாயில் போட்ட பிஸ்கட்டை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

இயக்குநர் பேசினார்.

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்த மையத்த ஆரம்பிச்சப்ப எங்ககிட்ட மெஷின் இருந்துச்சு, நோயாளிங்க இல்ல. இன்னிக்கு வாசல்வரைக்கும் வரிசை நிக்குது. அந்த வரிசைல பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு தடவ வந்துட்டுப் போனவங்க. இத நான் பெருமைக்காகச் சொல்லல. சில பேர் கேக்கறாங்க, உங்ககிட்ட வந்தா தோல் நல்லா ஆகுமான்னு. நல்லா ஆகறதும் ஆகாததும் அந்தத் தோலோட சொந்த விஷயம். அதுல தலையிட நமக்கு உரிமை இல்ல. நம்ம வேலை ஒப்பிடறது. ரெண்டு கன்னமும் ஒரே மாதிரி பளிச்சுனு ஆயிட்டா நாம எத எதோட ஒப்பிடுவோம்? அம்பது குடும்பம் இந்த மையத்த நம்பிப் பொழைக்குது. இந்தம்மாவோட முகம் அந்த அம்பது குடும்பத்துக்கும் சோறு போடற முகம். கைதட்டுங்க."

கைதட்டினார்கள். பிறகு மதிப்பெண் போட ஐந்து நடுவர்கள் மேடைக்கு வந்தார்கள். நாற்காலியை இடப்பக்கம் சுழற்றினார்கள், வலப்பக்கம் சுழற்றினார்கள். இடது கன்னத்துக்கு நூற்றுக்கு ஒன்பது. வலது கன்னத்துக்கும் ஒன்பது. மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசி நடுவர் வயதானவர். தொடாத பகுதிக்கும் மதிப்பெண் போட வேண்டுமே என்று ஞாபகப்படுத்தி, மூக்கின் மேல் இருந்த துணிப்பட்டையைப் பிய்த்து, பசையைத் துடைத்துவிட்டார்.

மூக்கு தெளிந்திருந்தது. ஏழு வாரமாக வெயிலும் படாமல், வெளிச்சமும் படாமல், வெறும் பசைக்கடியில் கிடந்த மூக்குத்தண்டில் மங்கு வந்த தடமே தெரியவில்லை. இரண்டு கரிந்த கன்னங்களுக்கு நடுவே அது புதுசாக வாங்கி ஒட்டியது போல மின்னியது. தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்.

 முதலில் எழுந்தவர் லேசர் டாக்டர். மூக்கு நுனி ஆரம்பத்திலிருந்தே என் பக்கம் என்றார். மூக்கில் பாதி என்னுடையது, ஏழு வாரத்துக்கு முன்பே சொல்லியனுப்பினேன் என்றார் டாக்டரம்மா. ஏழு வருஷத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அன்றைக்குத்தான்.

கண்ணாடிக்காரம்மா துணிக்குள்ளிருந்து சொன்னாள்: "மூக்குக்கு யாருமே ஒண்ணும் பண்ணலியே சார்."

மைக் பக்கத்தில் இருந்ததால் மண்டபம் முழுக்கக் கேட்டது. இயக்குநர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். அடுத்த நொடி அவர் முகம் மலர்ந்தது.

"கரெக்ட். ஒண்ணும் பண்ணாம விட்டது யாரு? நாங்கதான். அதுக்குத் துணிச்சல் வேணும்."

ஒரு மாதத்துக்குள் மூன்றாம் மாடியில் புதுப் பிரிவு திறந்தார்கள். ஒளியில்லா ஒளிச் சிகிச்சை. ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். மற்ற இரண்டு மாடிகளைவிட அங்கே கட்டணம் அதிகம். இயந்திரமே இல்லாததால் பராமரிப்பு கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். வசதியானவர்கள் அதற்கு ஆறு மாதம் முன்கூட்டியே பெயர் கொடுத்துக் காத்திருந்தார்கள். வெண்பசையைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அது எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற பசை.

கண்ணாடிக்காரம்மா மீதிப் பசையைக் கன்னங்களிலும் பூசிப் பார்த்தாள். மங்காக இருந்தால் ஒருவேளை கேட்டிருக்கும். புள்ளியும் கட்டமும் மங்கு இல்லை, தழும்பு. தழும்புக்குப் பசை தெரியாது.

சிகிச்சைக்கு எடுத்த விடுப்பு முடிந்து கடைக்குப் போனபோது முதலாளி எழுந்து நின்றார். உட்காரச் சொல்லத்தான் எழுந்தார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"இந்த முகத்தோடயாம்மா? பின்னறைக் கதவுல கண்ணாடி இருக்கு, உங்களுக்கே தெரியும். எட்டிப் பாத்தாத் தெரியுமே."

"பேப்பர் ஒட்டிக்கலாம் சார்."

"உள்ள என்ன ஒளிச்சு வெச்சிருக்கோம்னு கேப்பாங்களே," என்றார் முதலாளி வருத்தத்தோடு. அவர் நல்ல மனிதர். வாசல்வரை கூட வந்து வழியனுப்பினார். அப்படி வந்ததில் தெருவில் போகிறவர்கள் கண்ணில் அவள் படாமல் மறைத்துக்கொண்டும் நிற்க முடிந்தது.

மூன்று மாதம் வேலை தேடினாள். துணிக்கடையில் போனில் பேசிவிட்டு வரச் சொன்னார்கள். நேரில் பார்த்துவிட்டு, ஆள் எடுத்தாயிற்று என்றார்கள். பள்ளிக்கூட அலுவலகத்தில் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றார்கள். அப்போதுதான் மையத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

"ஹால்ல ஒரு நாற்காலிக்கு ஆள் வேணும்," என்றார் இயக்குநர். "வர்றவங்க பத்துப் பேர்ல மூணு பேர், காத்திருக்கற நேரத்துல யோசிச்சுப் பாத்துட்டு எழுந்து போயிடறாங்க. யோசிக்க நேரம் குடுத்தா மனுஷன் அப்படித்தான். பக்கத்துல நீங்க உக்காந்திருந்தா யோசிக்கமாட்டாங்க. உங்களப் பாப்பாங்க. வைத்தியம் பாக்காம விட்டா இப்படித்தான் ஆகும்போலன்னு தானா நினைச்சுப்பாங்க. நாம பொய் சொல்ல வேண்டாம்."

"யாராவது கேட்டா சார்?"

"முதல் தடவ வந்திருக்கேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

கணவனுக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான். "கெடுத்தவங்க வாசல்லயே போய் உக்காரப் போறியா? உனக்கு ரோஷம் இல்ல?"

"இந்த முகத்தக் குடுத்தது அவங்க. இந்த முகத்துக்கு வேலை குடுக்கறதும் அவங்க மட்டுந்தான். நான் வேற எங்க போய் உக்கார?"

அவன் தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அவள் ஹாலில் மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு டோக்கன் கொடுத்தார்கள். அந்த எண்ணை யாரும் கூப்பிடமாட்டார்கள். வருகிறவர்கள் அவளைப் பார்ப்பார்கள், சட்டென்று பார்வையைத் திருப்புவார்கள், கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துத் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கேட்டவர்களிடம் முதல் தடவை என்று சொன்னாள். எழுந்து போகிறவர்கள் மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தார்கள். இயக்குநருக்கு ரொம்பத் திருப்தி.

இப்படி இரண்டு மாதம் போனபின் ஒரு செவ்வாய்க்கிழமை, மழலையர் பள்ளி டீச்சர் ஒருத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து இருபத்தாறு வயசு இருக்கும். வலது கன்னத்தில், கட்டைவிரலை வைத்து எடுத்தது போல ஒரு லேசான நிழல். கிளாஸில் ஒரு பிள்ளை, மிஸ் முகத்துல அழுக்கு இருக்கு என்று ரப்பரை எடுத்து நீட்டிவிட்டதாம். அதைச் சொல்லும்போது சிரித்தாள்; சொல்லி முடித்ததும் கர்ச்சீப்பை எடுத்தாள். அவள் மடியில் இரண்டு படிவங்கள் இருந்தன. இரண்டாவதில் இடது கையால் கிறுக்கியிருந்தாள்.

கண்ணாடிக்காரம்மா அந்த முகத்தைத் தன் தொழில் கண்ணால் பார்த்தாள். காதுகள் சமம், புருவங்கள் சமம், மூக்கு நேர். பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு முகத்துக்குப் பிரேம் மாட்டியதில்லை. வளைக்க ஒன்றுமே இல்லாத முகம்.

"எழுந்து போயிடும்மா," என்றாள்.

"என்னக்கா?"

"உனக்கு இது வேண்டாம். வெயில்ல போறப்ப மருந்துக் கடைல விக்கிற வெள்ளப் பசை ஒண்ணு இருக்கு, அதப் போட்டுக்க. நான் ஏழு வாரம் இங்க வந்தேன். இடது லேசர், வலது பல்ஸ். வர்றதுக்கு முன்னாடி என் முகம் கிட்டத்தட்ட உன்ன மாதிரிதான் இருந்துச்சு. நல்லாப் பாத்துக்க. இது இவங்க பண்ணினது."

டீச்சர் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள், கட்டங்களைப் பார்த்தாள். அவள் கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கனிவு ஊறியது. சின்னப் பிள்ளைகளோடு பழகியவள் அல்லவா, அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"அக்கா, இங்க ஏழு வாரம் பாத்திருந்தா முகம் இப்படியா இருக்கும்? உங்களுக்குப் பயம். ரொம்ப நாள் பயந்துட்டே விட்டுட்டீங்க, அதான் இவ்வளவு முத்திப்போச்சு. என்னயும் பயமுறுத்தாதீங்க." அவள் கண்ணாடிக்காரம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். "நான் முதல்ல போறேன். என்னப் பாத்துட்டு நீங்க தைரியமா வாங்க. எல்லாம் சரியாயிடும்."

ஒலிபெருக்கி அவள் எண்ணைச் சொல்லும்வரைகூட அவள் காத்திருக்கவில்லை. வேகமாக எழுந்து கதவுக்குப் போனாள். ஊழியர் துணியை ஒட்ட வந்தபோது கன்னத்தைத் தானே திருப்பிக் கொடுத்தாள்.

இதையெல்லாம் ஆலோசகர் தூணுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் கண்ணாடிக்காரம்மாவை இயக்குநர் அறைக்குக் கூட்டிப் போனாள். வேலை போயிற்று என்றுதான் கண்ணாடிக்காரம்மா நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள்; அப்படி நினைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

இயக்குநர் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். தேநீர் வரவழைத்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன். நடந்தத நடந்தபடியே சொல்லியிருக்கீங்க."

"ஆமா சார்."

"எவ்வளவு நேரத்துல உள்ள போனாங்க?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும்," என்றாள் ஆலோசகர். "சாதாரணமா இருவது நிமிஷம் ஆகும் சார்."

இயக்குநர் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். "பாருங்க, நான் உங்களப் பொய் சொல்ல வெச்சது தப்பு. மனசுக்கு உறுத்தலாவே இருந்துச்சு. நாளையிலேந்து எல்லார்கிட்டயும் உண்மையையே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

கண்ணாடிக்காரம்மா மறுநாளிலிருந்து உண்மையைத்தான் சொல்கிறாள். சொல்லச் சொல்ல நன்றாகவே சொல்ல வந்துவிட்டது. சில சமயம் குரல் உடைகிறது. சில சமயம் எதிராளியின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சக்கூடச் செய்கிறாள். கேட்டவர்கள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, தைரியம் சொல்லிவிட்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போகிறார்கள். ஹாலில் இப்போதெல்லாம் நாற்காலிகள் சீக்கிரம் காலியாகிவிடுகின்றன.